நூற்றியோராவது முள்

வசந்தத்தில் மீன் கரையோரம் வந்துவிடும். கணவனும் மனைவியும் காலையில் நூறு முள் கட்டிய தூண்டில் கயிற்றை இறக்குவார்கள். மதியம் இழுப்பார்கள்.

திங்களன்று நூற்றியொரு முட்கள் வந்தன. அதிகப்படியான முள் கயிற்றின் கடைசியில் இருந்தது. அதன் முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அப்படி முடிபவன் அவளுடைய தம்பி ஒருவன்தான். போன வசந்தத்தில் மூழ்கிப் போனான். உடல் கிடைக்கவில்லை.

செவ்வாயன்று அந்த முள் கயிற்றின் நடுவில் இருந்தது. புதனன்று படகுக்குப் பக்கத்தில், மூன்றாவதாக.

“உன் தம்பி எப்பவுமே சொல்லாம கொள்ளாமத்தான் வருவான்,” என்று கணவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்தான். “கயிறை அறுத்துடுறேன். வேற இடம் போவோம்.”

“அன்னைக்குப் படகு கவுந்துடும்னு அவன் பிடிச்சிருந்த கயிறை அறுத்தீங்க,” என்றாள் அவள். “இன்னொரு தடவை வேணாம்.”

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

வியாழனன்று சரியாக நூறு முட்கள்தான் வந்தன. அவன் இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சுடன் இன்ஜினைக் கிளப்பினான்.

அவள் பலகையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். படகு அந்தப் பக்கம் ஓர் ஆள் கனத்துக்குத் தாழ்ந்தது.