நான்காவது புகார்

முதல் அநியாயம் மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. பந்தய சைக்கிளின் எண் பலகை அரை விரல் சாய்ந்திருக்கிறதாம். யாரோ புகார் எழுதிப் போட, காலிறுதியோடு எங்கள் வெட்டுக்கிளியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது, அதற்கு அடுத்த வருடம். தலைக்கவசம் பழசாம். பழசுதான், புதுசு வாங்கித் தர அவளுக்கு முதலாளி அப்பா இல்லை.

மூன்றாவது, போன வருடம். அரையிறுதியில் முழங்கையால் இடித்தாளாம். இடிபட்டதாகச் சொல்லப்பட்டவள் இரண்டு வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவ்வளவு நீளமான கை!

மூன்று புகாரையும் எழுதியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் விதி இருக்கிறது. யார் மேல் புகாரோ அவர் கேட்டால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் எழுதியவரின் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். அப்போது நாங்கள் விதிப்புத்தகம் படித்திருக்கவில்லை. இப்போது வரி வரியாகப் படித்துவிட்டோம்.

அதனால்தான், இன்று இறுதிப் பந்தயம் முடிந்த பத்தாவது நிமிடம், 'வெட்டுக்கிளி மேல் புகார் வந்திருக்கிறது' என்று ஒலிபெருக்கி சொன்னதும், பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் சங்கம் மொத்தமும் நடுவர் அறைக்குள் புகுந்தது.

என்ன ஓட்டு ஓட்டியிருந்தாள்! புறப்பாட்டுக் கதவு தடாலென்று விழுந்ததும் எட்டு வண்டிகளும் சீறின. மேடு மேடாக மற்றவர்கள் ஏறி இறங்க, இவள் இரண்டு மேட்டை ஒரே பாய்ச்சலில் தாண்டினாள். சும்மாவா வெட்டுக்கிளி என்று பெயர்? முப்பத்தெட்டு விநாடி. கிளப் தலைவரின் மகளை அரைச் சக்கர நீளத்தில் முந்தி முதலிடம்.

முதலிடம் என்றால் தொழில்முறை அணியில் இரண்டு வருட ஒப்பந்தம். பகலில் டயர் கடை, மாலையில் பயிற்சி என்று ஒன்பது வருடம் தேய்ந்தவள், இனி சைக்கிள் ஓட்டியே பிழைக்கலாம். புகார் நிலைத்தாலோ கடைசி இடம். ஒப்பந்தம் கிளப் தலைவரின் மகளுக்கு.

"யார் எழுதினது? பேரைச் சொல்லுங்க!" சங்கச் செயலாளர் மேசையில் ஓங்கி அடித்தார். பழைய பந்தய வீரர். தோளில் இரும்புத் தகடு. குரலிலும் ஒன்று உண்டு.

தலைமை நடுவர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதல்ல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. 'கதவு விழுந்த பிறகு வெள்ளைக்கோடு வரை அவரவர் தடத்திலேயே செல்ல வேண்டும். வெட்டுக்கிளி அதற்கு முன்பே தடம் மாறி, பக்கத்து வண்டியை மறித்தார். கோட்டு நடுவர் இதைப் பார்த்திருக்க முடியாது. வீரர்கள் சங்கத்தின் பேனர் மறைத்தது.'"

"பேனர் மேலயே கை வெச்சுட்டாங்களா!"

"'நீதி வேண்டும்'னு எழுதியிருந்தோம்ல, கண்ணைக் குத்தியிருக்கும்!"

அறை சிரித்தது. மூலையில் வெட்டுக்கிளி எழுந்தாள். "அண்ணே, ஒரு நிமிஷம்..."

"நீ உக்காந்து தண்ணி குடி தங்கச்சி. மூணு தடவை வாயை மூடிட்டுப் போனே, என்ன கிடைச்சுது? இன்னைக்கு நாங்க பேசுறோம்."

கதவோரம் நின்ற கிளப் தலைவரின் மகள், "நான் எழுதல," என்றாள் மெல்ல.

"நீ ஏன் கண்ணு எழுதணும்?" என்றாள் டயர் கடை அக்கா. "எழுதித் தர்றதுக்குத்தான் உங்க வீட்ல ஆள் இருக்குமே!"

"மரியாதையாப் பேசும்மா," என்றார் மகளுக்குப் பக்கத்தில் நின்ற கிளப் தலைவர்.

"பேர் வெளிய வரட்டும் சார், மரியாதை யாருக்குன்னு அப்புறம் பார்ப்போம்!"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. நடிப்பு என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

நடுவர் கையை உயர்த்தினார். "அவசரப்படாதீங்க. எழுதினவங்க புகாரைத் திரும்ப வாங்கிக்க இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. வாங்கிட்டா முதலிடம் முதலிடம்தான், யாரும் மாத்த முடியாது. பேரைப் படிச்சுட்டா திரும்ப வாங்க முடியாது. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா..."

"கேட்டீங்களா கதையை!" செயலாளர் எங்கள் பக்கம் திரும்பினார். "கையும் களவுமா மாட்டினவனுக்கு ஓடிப்போக நாலு நிமிஷமாம்! நாலு விநாடி தர மாட்டோம். படிங்க!"

"படிங்க! படிங்க!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நீங்க கேட்டா முடியாது. அவங்க கேக்கணும்." நடுவர் அவரைத் தாண்டி வெட்டுக்கிளியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே? ஒண்ணும் அவசரமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சொல்லு தங்கச்சி, தைரியமா சொல்லு!"

வெட்டுக்கிளி கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தாள். பிறகு எங்களை. வியர்வை வழிந்த முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

"படிங்க மேடம்."

"அப்படிப் போடு!" கைதட்டல், விசில். செயலாளர், டயர் கடை அக்கா, வண்டி மெக்கானிக் மூவரும் சாட்சிகளாக முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். பத்து செல்போன்கள் உயர்ந்தன.

நடுவர் ஒரு பெருமூச்சு விட்டார். எழுந்து நின்று, விதிப்படி, உரக்கப் படித்தார்.

"புகார் எழுதியவர், வெட்டுக்கிளி."