தூளி அறைக் கேமரா

கேமராவை மாட்டிவிட்டுப் போனவர் கையை விரித்துவிட்டார். விண்டோஸ் இருந்தால்தான் படம் தெரியுமாம். அஹமது கபீரின் கொப்பரைக் களத்தில் இருந்ததோ லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர்.

"அதெல்லாம் தெரியும் பாய். நான் காட்டறேன்" என்றாள் கலைமகள்.

பட்டுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து ஒன்பது வருஷம். முடியாது என்று எதையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை.

நெட்வொர்க்கில் கேமராவின் முகவரியைத் தேடிப் பிடித்து, விஎல்சி பிளேயரில் தட்டினாள். படம் வந்தது. ஆனால் கட்டம் கட்டமாகச் சிதறியது. செட்டிங்கில் இரண்டு இடத்தைத் திருத்தியதும் பளிச்சென்று தெளிந்தது.

அவள் முகம்தான் மாறிப்போயிற்று.

படத்தில் ஓர் அறை. ஐந்து தூளிகள். களத்தில் வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகள். செங்கொடி என்ற பெண் உள்ளே ஓடிவந்து, தன் மகனை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள்.

இங்கே எதற்குக் கேமரா என்று கேட்டாள் கலைமகள்.

"பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் வேலையை விட்டுட்டு ஓடறாங்கம்மா. அதை நிறுத்தணும்" என்றார் கபீர்.

சுருக்கென்றது அவளுக்கு. அவளும் மகளைக் கடை மேஜைக்கு அடியில் போட்டு வளர்த்தவள்தான்.

"பாய், ஒத்துக்கிட்ட வேலையை முடிச்சுட்டேன். ஆனா பெத்தவ புள்ளையைப் பார்க்கப் போறதை உளவு பார்க்கறது எனக்குச் சரியாப் படல. இதுக்குத்தான்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

கபீர் மூலையில் அட்டைப்பெட்டியில் இருந்த பெரிய டிவியைக் காட்டி, படம் இதிலும் வருமா என்று கேட்டார். வரும் என்றாள், வெடுக்கென்று.

"அப்ப இந்தப் பக்கம் ஒரு கை பிடிம்மா."

அவர் நடந்தது தேங்காய் உடைக்கும் கொட்டகைக்கு. மட்டை உரிக்கிற மெஷின் காதைக் கிழித்தது. போன வாரம் ஒரு குழந்தை தொண்டை கட்டுகிற வரைக்கும் அழுதிருக்கிறது, இந்தச் சத்தத்தில் இங்கே ஒருத்திக்கும் கேட்கவில்லை, அன்றிலிருந்துதான் எல்லாரும் பயந்து பயந்து ஓடுகிறார்கள் என்று அவள் காதருகே கத்திச் சொன்னார்.

பெண்கள் உட்காரும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் டிவியை மாட்டினார்கள். கம்ப்யூட்டரும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. கலைமகள் ஒயரைச் செருகினாள்.

ஐந்து தூளியும் சுவர் நிறையத் தெரிந்தன. அரிவாளும் கையுமாகப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓரத்துத் தூளி ஆடியது. ஒரு குட்டிக் கால் வெளியே நீண்டது.

"செங்கொடி, உன் மகன் முழிச்சுட்டான் பாரு" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தார் கபீர். "போய்த் தூக்கும்மா. மெதுவா வா, தேங்காய் எங்கேயும் போயிடாது."