ஏழு மணித் தோட்டம்

மூன்றாவது நாளாகப் பாவாயி ரோஜாப் பதியனோடு வந்து நின்றாள். முதல் நாள் சிவப்பு, நேற்று மஞ்சள், இன்றைக்கு வெள்ளை. கேபிள் ஆபீஸ் மேஜையில் மூன்று பைகளும் வரிசையாக இடம் பிடித்துவிட்டன.

"பாய், இன்னைக்காச்சும் ஏழு மணிக்குத் தோட்டம் போட்டு உடுங்க பாய்."

அப்துல் ரஹீமுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஏற்காட்டில் பாதி வீடுகளுக்குக் கேபிள் இழுத்தவர் அவர்தான். அந்தப் பாவத்துக்கு, டி.வி.யில் எது கெட்டாலும் ஊரின் வசவெல்லாம் அவர் தலையில்தான் வந்து விடியும்.

'வீட்டுக்கொரு தோட்டம்' என்று அரை மணி நேர நிகழ்ச்சி. சென்னையிலிருந்த சேனல்காரர்கள் அதைப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். காலை என்பார்கள், கிரிக்கெட் வந்தால் மதியம் என்பார்கள், தேர்தல் வந்தால் கிடையவே கிடையாது. கடைசியில் விடிகாலை ஐந்தரைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தக் குளிரில் ஏற்காட்டில் எவன் போர்வையை விட்டு எழுந்து வருவான்? ரஹீம்தான் அதை வீடியோ கேசட்டில் பதிந்து, தன் உள்ளூர் சேனலில் தினமும் மாலை ஏழு மணிக்குப் போட்டார். அப்போது நன்றி சொல்ல ஒரு நாதி இல்லை.

சீசன் தொடங்கியது. லாட்ஜ்காரர்கள் கேட்டார்கள் என்று ஏழு மணிக்குச் சினிமாப் பாட்டை வைத்தார். தோட்டத்தை மதியம் இரண்டுக்கு மாற்றினார். அவ்வளவுதான், போன் ஓயவில்லை. மதியம் நான் மரத்து மேல் இருப்பதா, டி.வி. முன்னால் இருப்பதா என்று மஞ்சக்குட்டை ஆரஞ்சுத் தோட்டக்காரர் கத்தினார். ரிட்டயர்டு டீச்சர் அற்புதம், கேபிளையே பிடுங்கிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு வாரத்தில் எல்லோரும் கத்திக் கத்தி ஓய்ந்தார்கள். பாவாயி மட்டும் அதன் பிறகுதான் வர ஆரம்பித்தாள்.

அவள் புருஷன் மாதப்பன், நாகலூர் ரோட்டில் ஒரு பெரிய பங்களாவின் தோட்டக்காரர். மலர்க் கண்காட்சியில் இரண்டு வருஷமாகப் பங்களாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அதிர்ந்து பேச மாட்டார். செடிக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கவாத்து செய்கிற மனுஷன் என்று ஊரே மெச்சும். சாயங்காலம் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார்தான். மலைக் குளிருக்கு யார் ஊற்றிக்கொள்ளவில்லை? ஏழு மணியானால் நோட்டும் பேனாவுமாக அந்த நிகழ்ச்சியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று ரஹீமும் கேள்விப்பட்டிருந்தார்.

ரஹீம் நியாயமாகத்தான் பேசினார். சீசன் முடியட்டும், ஜூன் மாதம் பழையபடி மாற்றிவிடுகிறேன் என்றார். அதுவரை தாங்காதுங்க என்றாள் பாவாயி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாரத்து நிகழ்ச்சியையும் மொத்தமாகப் போடுகிறேன் என்றார். அதற்கும் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"புதுசு வேண்டாமுங்க. பழசையே போட்டாலுஞ் சரி. நித்தமும் ஏழு மணிக்கு ஓடோணும், அவ்வளவுதானுங்க."

பழசைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய், போன மாதம் என்ன செடி காட்டினார்கள் சொல் பார்ப்போம் என்று ரஹீம் மடக்கினார். அந்த நேரம் தான் அடுப்படியில் இருப்பதாகவும், அதை ஒரு நாளும் பார்த்ததில்லை என்றும் சொன்னாள் பாவாயி.

ரஹீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்காத நிகழ்ச்சிக்கு மூன்று நாள் நடை. சரி, அனுப்பியவரிடமே பேசிக்கொள்கிறேன் என்று போனை எடுத்தார்.

"வேண்டாங்க பாய், நான் வந்தது அவருக்குத் தெரியாதுங்க."

அவள் மேஜையைச் சுற்றி ஓடி வருவதற்குள் பங்களாவில் மணி அடித்துவிட்டது. மாதப்பனே எடுத்தார். ரஹீம் ஒன்றுவிடாமல் சொன்னார், பாதி விளையாட்டாகத்தான். உங்கள் வீட்டம்மா மூன்று நாளாக வந்து மல்லுக்கு நிற்கிறார், உங்கள் தோட்டத்து ரோஜாப் பதியன் மூன்றையும் எனக்கு லஞ்சமாகக் கொடுத்துவிட்டார் என்றார்.

அந்தப் பக்கமிருந்து தணிந்த குரலில் பதில் வந்தது.

"அப்படிங்களா. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க பாய். ஊட்டுக்கு வரட்டுங்க, நான் சொல்லிக்கறேன்."

போனை வைத்த ரஹீமுக்கு மனசு குளிர்ந்துபோனது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு தங்கமான மனுஷன். நிகழ்ச்சி நின்றதற்கு அவரே ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, உனக்கு என்னம்மா வந்தது என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

பாவாயி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மணி என்ன என்று கேட்டாள். ஐந்தரை என்றார் ரஹீம். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏழு மணிக்கு அதப் பாத்தாத்தானுங்க, அவரு என்னய அடிக்காமத் தூங்குவாரு."