கண்டம்

"மறுபடியும் படுத்துக்கிச்சா?"

அமிர்தவல்லி மேடம் போட்ட சத்தம் லேபைத் தாண்டி ஆபீஸ் வரைக்கும் கேட்டது. பெரம்பலூரை ஒட்டிய அந்தப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் துறைக்குத் தலைவி அவர்தான்.

லேப் மெக்கானிக் வீரமணி கையில் மீட்டரோடு நின்றார். மேசை மேல் அரதப்பழசான ஆசிலோஸ்கோப். சிக்னலைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்ட வேண்டிய மிஷின். சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறது, கோடு மட்டும் வர மாட்டேன் என்கிறது.

"பவர் சப்ளைதான் மேடம். பன்னெண்டு வோல்ட் வர வேண்டிய எடத்துல நாலுதான் வருது."

"போன வாரமும் பவர் சப்ளைன்னுதானே சொன்னீங்க?"

"அது கண்டென்சர் மேடம். அதுக்கு முந்தி பியூஸ். பழசு இல்லீங்களா, ஒண்ணை மாத்துனா இன்னொண்ணு போயிடுது."

"கதையெல்லாம் வேணாம். பிராக்டிகல் பரீட்சை வருது. சரி பண்ணிட்டு வூட்டுக்குப் போங்க."

கதவைக்கூடச் சாத்தாமல் விறுவிறுவென்று போய்விட்டார் மேடம்.

ஓரமாக நின்றிருந்த ஜெயசுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாகச் சேர்ந்த லெக்சரர். வந்த நாளிலிருந்து இதே கூத்தைத்தான் பார்க்கிறாள்.

"ஏண்ணே, இதைக் கண்டம் பண்ணிட வேண்டியதுதானே?"

இனிமேல் தேறாது என்று ஒரு பொருளைக் கழித்துக்கட்டுவதற்கு ஆபீஸ் பாஷையில் கண்டம் என்று பெயர். ஜோசியர் சொல்கிற கண்டத்திலிருந்தாவது தப்பிக்கலாம், இதிலிருந்து எந்த மிஷினும் தப்பியதில்லை.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன் மேடம். அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு பெரிய மேடம் சொல்லிட்டாங்க."

வீரமணி பிளக்கைப் பிடுங்கினார். கண்டென்சரில் தங்கியிருந்த கரண்ட்டை முதலில் இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாக மீட்டரை வைத்துப் பார்த்தார். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு டயோடு செத்துக் கிடந்தது தெரிந்தது. மாற்றினார். பச்சைக் கோடு வந்தது.

சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்சுக்குக் கிளம்பிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு, மறந்து வைத்த டிபன் பையை எடுக்க லேபுக்குத் திரும்பி வந்தாள் ஜெயசுதா. உள்ளே சால்டரிங் புகை வாடை.

அமிர்தவல்லி மேடம்! ஆசிலோஸ்கோப்பின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, வீரமணி போட்ட புது டயோடை எடுத்து, அந்த இடத்தில் செத்துப்போன ஒன்றைப் பற்றவைத்துக் கொண்டிருந்தார்.

"மேடம்! வாராவாரம் கெடுக்குறது நீங்கதானா?"

மேடம் திடுக்கிடவில்லை. சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"கதவைச் சாத்திட்டு வாம்மா."

சாத்தினாள்.

"லேப்ல எல்லா மிஷினும் நல்லா ஓடுதே, அப்புறம் மெக்கானிக் எதுக்குன்னு மேனேஜ்மென்ட்ல கேட்டாங்க. ஒரு மிஷின் படுத்த படுக்கையா இருக்கு, அவரு இல்லன்னா நடக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் கத்துறதே ஆபீஸ் காதுல விழணும்னுதான்."

"இதைக் கண்டம் பண்ண வேணாம்னு சொன்னது..."

"மிஷினைக் கண்டம் பண்ணா, அடுத்தது ஆளைத்தான் கண்டம் பண்ணுவாங்க. அந்த மனுசனுக்குப் பொண்ணு இப்பதான் நர்சிங் சேந்திருக்கு. இந்த வயசுல வெளிய போனா யாரு வேலை குடுப்பா?"

"அவருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே மேடம்? பாவம், ஒடிஞ்சு போயிட்டாரு."

"ரோசக்காரர்மா. விஷயம் தெரிஞ்சா அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாரு. எனக்கு மட்டும் ஆசையா? பகலெல்லாம் கிளாஸ், சாயங்காலம் இந்தத் திருட்டு வேலை. இடுப்பு விட்டுப்போச்சு. நீ வாயத் தொறக்காத."

இந்த அம்மாவைப் போய் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று ஜெயசுதாவுக்கு வெட்கமாக இருந்தது. டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் வீரமணி இன்னும் நின்றிருந்தார். அவர் ஊருக்குப் போகும் வேப்பந்தட்டை பஸ் இன்னும் வரவில்லை. இவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, காதில் வைத்திருந்த போனில் பேச்சைத் தொடர்ந்தார்.

"இல்ல மச்சான், கோச்சுக்காத. அரியலூர் சிமெண்ட் ஆலையில வேலைன்னா சும்மாவா? சம்பளமும் கூட, வேலையும் நிரந்தரம். நீ அலைஞ்சு திரிஞ்சு ஆர்டர் வாங்கிக் குடுத்திருக்க, எனக்குத் தெரியாதா?"

ஜெயசுதா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா நான் வரலன்னு சொல்லிடு மச்சான். இங்க ஒரு பழைய மிஷின் வாராவாரம் படுத்துக்குது. நானும் கெளம்பிட்டா, பாவம், எங்க மேடம் ஒத்தையில என்ன பண்ணுவாங்க?"