அறுபது வீட்டுக் கட்டுப்பாடு

"நேத்து சாயங்காலம் ஆறு மணியிலருந்து இன்னிக்குக் காலை ஒன்பது வரைக்கும் ஒரு வீட்டுலயும் கக்கூஸ் போகக் கூடாதுன்னு சொன்னேனா, இல்லையா?"

ஊர்த்தலைவர் இலாரியோ கேட்டதும் மண்டபமே பாசிங்கைத் திரும்பிப் பார்த்தது.

"சொன்னீங்க," என்றாள் பாசிங். அறுபத்தேழு வயதில், இத்தனை பேர் முன்னால் இந்தப் பேச்சு.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வந்திருந்தார். ஊர்க் கழிவுநீர்த் தொட்டியில் சுத்தமாகி வெளியே வரும் தண்ணீரில் ஒரு பாட்டில், சிப்பி வளர்க்கும் மூங்கில் கழிகள் நட்ட கடலில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். இரண்டும் தேறினால்தான் சிப்பி விற்கலாம்.

தொட்டிக்குள் எதுவுமே போகாவிட்டால் வெளியே எப்படி அழுக்கு வரும்? இதைக் கண்டுபிடித்தவர் இலாரியோ. சும்மாவா மூன்று தேர்தலில் ஜெயித்தார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தெம்யோ சாட்சி சொன்னான். "விடிகாலை அஞ்சேகாலுக்குக் குழாயில தண்ணி ஓடுற சத்தம். தெருவுல ஒவ்வொரு குழாய் மூடியா தொறந்து பாத்துக்கிட்டே வந்தேன். அக்கா வீட்டு வாசல்லதான் ஈரம்."

"ஒரே தடவை. ரெண்டு வாளி ஊத்தினேன்," என்றாள் பாசிங். கணக்கு தப்பாகப் பதிவாகிவிடக் கூடாதே.

"எங்க வீட்டுல ஒன்பது பேரு," என்றாள் கருவாடு விற்கும் நெனிதா. "மாமியாருக்கு எண்பத்தொண்ணு. அவங்களே ஊருக்காகக் கட்டுப்பாடா இருந்தாங்க."

"எனக்கு முட்டி வலி..."

"முட்டிக்கும் வயித்துக்கும் என்னக்கா சம்பந்தம்?"

மண்டபம் சிரித்தது. அதற்குமேல் விளக்கிச் சொல்ல பாசிங்குக்குக் கூச்சம்.

முடிவு அங்கேயே ஆனது. தண்ணீர் தேறாவிட்டால் பாசிங்கின் கழிகளைப் பிடுங்கி மற்ற வீடுகளுக்குப் பங்கு வைப்பது. மொத்தம் நாற்பத்திரண்டு கழி. அவளுடைய ஒரு வருஷச் சோறு.

நாலாம் நாள், ஊர் கூடியிருந்த மண்டபத்துக்கு ஆய்வாளர் மெர்லி திரும்பி வந்தார்.

"கடல்ல பிடிச்ச தண்ணி தேறலை. ஒரு மாசத்துக்குச் சிப்பி விக்க முடியாது."

இலாரியோ எழுந்தார். "பாத்தீங்களா? பதினஞ்சு மணி நேரம் யாரும் கக்கூஸ் போகாதீங்கன்னேன், கேக்காத ஒரே வீடு ஊரையே கெடுத்துடுச்சு. தெம்யோ, போய் இவங்க கழியை எண்ணு."

"நாப்பத்திரண்டு," என்றாள் பாசிங். அவனுக்கு எதற்கு வீண் அலைச்சல்?

"இருங்க," என்றார் மெர்லி. "தொட்டித் தண்ணி தேறிடுச்சே. அறுபத்தொரு வீட்டுக்குன்னு கட்டினது, ஒரு வீட்டுக்கா அசந்துடும்? போன மாசம் வரைக்கும் கடலும் சுத்தமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?"

மண்டபம் மறுபடி பாசிங்கைக் கை காட்டியது.

"சரி, அன்னிக்குக் கக்கூஸ் போகாத வீடெல்லாம் கை தூக்குங்க."

கேட்க வேண்டுமா? வீட்டுக்கு ஒரு கை, அறுபது கைகள். முதல் கை தலைவருடையது.

மெர்லி எண்ணி எழுதிக்கொண்டார்.

"பதினஞ்சு மணி நேரம். பெரிய விஷயம். இப்ப, நெஜமாவே தாங்கிக்கிட்ட வீடு மட்டும் கையை அப்படியே வைங்க. சிப்பிக் கழிக்கு எதிர்த்தாப்ல இருக்கிற பாறைக்குப் போய்ட்டு வந்தவங்க எறக்கிடலாம்."

இருட்டில் பாறைமேல் யாருக்குப் பக்கத்தில் யார் குந்தியிருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்ல வழியில்லை. கைகள் இறங்கின. நெனிதா தனக்கும் மாமியாருக்கும் சேர்த்து இறக்கினாள். கடைசியாக, தலையைச் சொறிவதுபோல, இலாரியோ.

பாறையில் குந்த முட்டி இடங்கொடுக்காத பாசிங்கின் பக்கம் மெர்லி திரும்பினார்.

"அம்மா, அன்னிக்கு இந்த ஊர்ல கடலை அசிங்கம் பண்ணாத வீடு உங்களோடது ஒண்ணுதான். பேரு என்னன்னு எழுதிக்கட்டும்?"