சின்னவிரல்

கோழித் தொழிற்சாலை இயந்திரம் நிரோஜனின் சுட்டுவிரலையும் சின்னவிரலையும் துண்டாக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டும் தனித்தனிக் கிண்ணத்தில் ஐஸில் கிடந்தன. தைக்கலாமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனைக் கனடாவுக்குக் கூப்பிடப் பொறுப்புக் கையெழுத்துப் போட்டவர் அக்கா புருஷன் குகபாலன். எத்தனை விரல் தைப்பது என்ற கேள்வி, கட்டிலருகே நின்ற அவருடைய போனுக்குத்தான் வந்தது. தைக்கிற செலவு பொறுப்பு நின்றவர் தலையில். ஒரு விரல் என்றால் அவருடைய ஓய்வூதியம் மூன்று வருஷம் தள்ளிப்போகும், இரண்டு என்றால் ஆறு. பெட்டி தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த மனுஷன், வருகிற மாதம் வேலையை விட இருந்தவர்.

“அத்தான், சுட்டுவிரலை மட்டும் தைக்கச் சொல்லுங்கோ,” என்றான் நிரோஜன். “சின்னவிரல் காது குடையத்தானே!”

“வாயை மூடடா.”

“உண்மையா அத்தான். அது இல்லாட்டியும் வேலை செய்யலாம். எனக்காக நீங்கள் இன்னும் முறிய வேணுமே?”

சின்னவிரல் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று குகபாலனுக்குத் தெரியும். பாரம் தூக்கும்போது கையின் பிடியே சின்னவிரலில்தான் இருக்கிறது. காலமெல்லாம் பெட்டி தூக்கியவருக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். முதுகு சுள்ளென்று இழுத்தது. போனில் ‘ஒன்று’ என்பதை விரலால் அமத்தினார்.

நர்ஸ் வந்து சுட்டுவிரல் கிடந்த கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

“நான் சொன்னது சரிதானே அத்தான்?”

“ஓம்,” என்றார் குகபாலன்.