கரிச்சானும் தாடியும்

கடைசி ரேஸ் தொடங்குவதற்கு முன்பே ஹேமாவதி தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

"மொபெட் சாவி மேசை மேல இருக்கட்டும்ப்பா. யாரு முன்னால போறான்னு நான் கேக்குறப்பல்லாம் சரியாச் சொன்னீகன்னா சாவி உங்களுக்கு. ஒரு தடவ தப்பாச் சொன்னாலும் எனக்கு. அப்புறம் வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது."

என் மகளுக்கு என் கண் மேல் சந்தேகம். போன வாரம் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து, "வாங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தடவைதான். அதை உட்கார வைத்துக் காபி கொண்டுவரச் சொன்னேன் என்று அவள் அல்லிநகரம் முழுக்கச் சொல்லித் திரிவது பொய். நான் சொன்னது டீ.

சாவியை வைத்தேன். முப்பத்தொரு வருஷம் தேனிக்கும் குமுளிக்கும் பஸ் ஓட்டியவன் நான். மலைப்பாதையில் காட்டு யானைக்கே ஹெட்லைட்டைத் தாழ்த்தி வழி கேட்டு வாங்கியவன். ஒரு யானை இல்லை, பதினேழு.

சோபாவில் எனக்கு இடது பக்கம் பேச்சிமுத்து. அந்த முப்பத்தொரு வருஷமும் அதே பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு கார் ரேஸ் பைத்தியம் பிடித்ததும் ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான். டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்ப்போம். நாங்கள் இருக்கும்போது வர்ணனைக்கு வெள்ளைக்காரன் எதற்கு?

ஓட்டுகிறவர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. ஆரஞ்சு வண்டிக்காரன் பொடியன், அதனால் கரிச்சான். எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஓடும் ஒரு சின்ன ரக மாட்டின் பெயர் அது. சிவப்பு வண்டிக்காரனுக்குத் தாடி இருக்கிறது. அவன் தாடி.

நான் கரிச்சான் கட்சி. பேச்சிமுத்து தாடி கட்சி. இருபத்து மூன்று ரேஸ் முடிந்து அவர்களுக்கு நடுவில் நாலே புள்ளி. இன்றைக்கு முந்துகிறவனுக்குத்தான் இந்த வருஷத்துப் பட்டம்.

"அந்த ஆரஞ்சு வண்டியக் குடுத்தா நம்ம டிப்போ வாட்ச்மேனும் ஜெயிப்பாருண்ணே. அது ஓட்டுறவன் திறமையா?"

"ஏலே, உன் தாடிக்கு இருபது பேரு நின்னு டயர் மாத்துறாய்ங்க. ரெண்டே செகண்டு. நம்ம டிப்போல ஸ்டெப்னி மாத்தி முடிக்கிறதுக்குள்ள வண்டியில இருந்த பிள்ளத்தாச்சிக்கு ரெண்டு பிள்ள பொறந்துச்சு."

"மாத்தி என்னத்துக்கு? மூணு ரேஸ்ல டயரத் தப்பா மாட்டி அனுப்புனாய்ங்க. அதையும் வச்சுக்கிட்டு ரெண்டாவதா வந்தான்ல, அவன் டிரைவரு. உங்காளு, டயர் மாத்த உள்ள வாடான்னு சொன்னாக்கூட கேக்க மாட்டான். டிரைவருமாரே அப்பிடித்தான்."

"சொல்றவன் கண்டக்டரா இருந்தா எவன் கேப்பான்?"

ஹேமா சிரிக்கவில்லை. "இப்ப யாருப்பா முன்னால?"

"கரிச்சான். ஒரு வண்டி நீளம் முன்னால. பின்சக்கரத்துல சின்னதா ஒரு கல்லு ஒட்டியிருக்கு."

கல் நானாகச் சேர்த்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் எனக்குத் தெரிந்தது வெறும் கலங்கல். சிவப்பும் ஆரஞ்சும் ஒரே குழம்பு. என் மடியில் விரித்திருந்த துண்டுக்கு அடியில் பேச்சிமுத்துவின் விரல்தான் என் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டுக்குத் தாடி, ரெண்டு தட்டுக்குக் கரிச்சான்.

இதில் ஏமாற்று வேலை என்ன இருக்கிறது? பஸ்ஸில் பின்னால் நடப்பதை நான் என்றைக்குத் திரும்பிப் பார்த்தேன்? அவன் விசில் அடித்தால் எடுப்பேன், அடித்தால் நிறுத்துவேன். ஒரு விசில் தப்பானதில்லை.

ஹேமா ஆறு தடவை கேட்டாள். ஆறும் சரி. ஐந்தாவது தடவை, தாடியின் ஹெல்மெட்டில் ஈ உட்கார்ந்திருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆறாவது தடவை அவள் குரலே இளகிவிட்டது.

"மழை ஊத்துதுண்ணே அங்கன," என்றான் பேச்சிமுத்து.

பத்துச் சுற்றுதான் பாக்கி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மழையில் கரிச்சானை அடிக்க இன்னொருத்தன் பிறந்துதான் வர வேண்டும் என்று ஆரம்பித்தேன். எப்போதும் பதிலுக்குப் பாய்கிறவன் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. நான் கரிச்சானின் மழை வீரத்தைத் பங்குனி மாதத்திலிருந்து வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

"இப்ப?" என்றாள் ஹேமா.

தட்டு வரவில்லை. முழங்கையால் அவனை இடித்தேன்.

கொஞ்சம் கழித்து வந்தது. ரெண்டு தட்டு. நிதானமாக.

"கரிச்சான்! அந்தா, உள்பக்கமாப் புகுந்து தாடியத் தாண்டிட்டான். தண்ணி பனமர உயரத்துக்குத் தெறிக்குது. தாடி ஸ்டீயரிங்கக் கட்டிப்பிடிச்சு அழுகுறான்!"

 

"யப்பா," என்றாள் ஹேமா மெதுவாக. "மழைக்காக ரேஸ நிறுத்தி அஞ்சு நிமிஷமாச்சு. எல்லா வண்டியும் வரிசையா நிக்குது. ஓட்டுறவுக எறங்கி குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக."

பேச்சிமுத்து பக்கம் திரும்பினேன். அவன் முகமும் கலங்கல்தான். மேசையிலிருந்து சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"நீ வச்சுக்க ஆத்தா," என்று ஹேமாவிடம் சொன்னான்.

நான் அவனைத் திட்டவில்லை.

ரேஸுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் அரண்மனைப்புதூர் பாலத்தில் என் மொபெட் இடித்து ஒரு பால்காரர் சைக்கிளோடு விழுந்தார். சிராய்ப்புதான். ஹேமாவிடம் நானும் சொல்லவில்லை, எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த பேச்சிமுத்துவும் சொல்லவில்லை. அவன்தான் குதித்து ஓடி அவரைத் தூக்கினான்.

அவர் எந்தப் பக்கம் விழுந்தார் என்று தெரியாமல், நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.